முதலாவிண் வரும்வரை: அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய வெண்முரசு

வெண்முரசின் கடைசி நாவலான 'முதலாவிண்' வெளிவரும்போது அம்மாவும் என்னோடு இருந்து கேட்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதும் மனத்தில் விழுந்த ஆசை இது. அம்மாவுக்குக் கண்புரை. அறுவை சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது, படிக்க முடியாது. காது மட்டும் நல்ல கூர்மை. அதனால் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது என்று இறங்கினேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். மகாபாரதத்தை வெண்முரசு என்ற நாவல் வரிசையாக எழுத்தாளர் ஜெயமோகன் எழுதத் தொடங்கியது 2014 ஜனவரி 1 அன்று. நாளுக்கு ஓர் அத்தியாயம், இணையத்தில், காசு வாங்காமல். 'முதற்கனல்' முதல் நூல். மொத்தம் 26 நூல்கள், 22,000 பக்கங்களுக்கு மேல். கதை முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாண்டவர்கள் ஜெயிப்பார்கள், பிறகு மலையேறுவார்கள். அப்படியிருந்தும் நள்ளிரவில் புது அத்தியாயம் வந்ததும் அதைப் படித்துவிட்டே படுப்பவர்களை எனக்குத் தெரியும். சென்னையிலும் புதுச்சேரியிலும் மாதந்தோறும் கூடிப் பேசியவர்கள் உண்டு. ஆறரை ஆண்டு ஓடிய பழக்கம் அது. முடியப் போகிறது என்ற பேச்சு வந்ததும் எல்லார் பேச்சிலும் ஒரு பதற்றம் கலந்துவிட்டது. சீக்கிரம் படிக்க வேண்டும், ஆனால் முடிந்துவிடக் கூடாது.

அம்மாவுக்கு என்னைவிடப் பாரதம் நன்றாகத் தெரியும். செஞ்சிப் பக்கம் பிறந்தவர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்க்காமல் ஒரு வருஷம்கூடப் போனதில்லை என்பார். அந்த வருஷம் தொற்று காரணமாகத் திருவிழா நின்றுபோனது. "கோயில்ல பாரதம் படிக்கல, வீட்டுல நீ படி பாப்பா" என்று அவரே சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து வாய்விட்டு வாசிக்க வருஷக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு வழி வகுத்துக்கொண்டேன். முதற்கனல் முழுசாக. அதில் அம்பையும் பீஷ்மரும் இருக்கிறார்கள். அந்த வஞ்சம் விதைபோடப்படும் இடத்தைக் கேட்காமல் பின்னால் எதுவும் ஒட்டாது. அடுத்து 'பன்னிரு படைக்களம்' நூலிலிருந்து சூதாட்டப் பகுதி. போர் நூல்களில் 'திசைதேர் வெள்ளம்', 'கார்கடல்' இரண்டிலும் தேர்ந்தெடுத்த அத்தியாயங்கள். கர்ணனுக்காக 'இருட்கனி'. துரியோதனனுக்காக 'தீயின் எடை'. நீர்க்கடனுக்காக 'நீர்ச்சுடர்'. அப்போது வெளிவந்துகொண்டிருந்த 'கல்பொருசிறுநுரை'யை இறுதியில் சேர்த்துப் பிடித்துவிட்டால், 'முதலாவிண்' வரும்போது இருவரும் ஒரே இடத்தில் நிற்போம். நடுவில் விட்ட கதையை நானே வாயால் சொல்லி இணைத்துவிடுவது.

வாய்விட்டு வாசிப்பவர்களுக்கு நான் கண்டுகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில் மூச்சு. இந்த உரைநடையில் வாக்கியங்கள் நீண்டு, வினையெச்சம் வினையெச்சமாகப் பின்னிச் செல்லும். கண்ணால் படிக்கும்போது அது தெரியாது. குரலில் எடுக்கும்போது பாதியில் காற்று தீர்ந்துவிடும். முந்தின நாளே அத்தியாயத்தை ஒருமுறை படித்து, எங்கே நிறுத்துவது என்று மனத்தில் குறித்துக்கொண்டால் மறுநாள் சரளமாக வரும். ஓர் அத்தியாயம் அரைமணி நேரம் போல ஆகிறது. நடுவில் பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் ஒரு வாய். உரையாடலுக்குக் குரல் மாற்றிப் பார்த்தேன், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கூத்துல கட்டியங்காரன்தான் அப்படிப் பேசுவான். நீ நேரா படி" என்றார். அதுவே சரியாகவும் இருந்தது. எழுத்திலேயே சகுனிக்கு ஒரு நடை, கிருஷ்ணனுக்கு ஒரு நடை இருக்கிறது. நாம் குரலில் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது பெயர்கள். அஸ்தினபுரியின் குலமுறையே பெரிது. அதோடு யாதவர், பாஞ்சாலர், சிபி, மத்ரம் என்று விரியும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு குலம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் எனக்குத் துணை. அவர் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல வேண்டுமே. "பெருந்திருவாள் எங்கே?" என்று கேட்டார். கூத்தில் துரியோதனன் மனைவி அவர்தான். இங்கே பானுமதி. இருவரும் ஒருவர்தானா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "சரி, பேரு எதுவா இருந்தா என்ன, தாலியறுக்கறவ அவதானே" என்றார். அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை.

மூன்றாவது, போர் அத்தியாயங்களின் படைசூழ்கைகள். நாரை வடிவில், முதலை வடிவில், அரைமதி வடிவில் படைகள் நிற்கும். கேட்டுக்கொண்டே போனால் யார் எங்கே நிற்கிறார் என்பது நழுவிவிடும். அதற்கு அம்மாவே வழி கண்டார். வாசலில் கோலப்பொடி எடுத்து வந்து, நான் வாசிக்க வாசிக்கக் கூடத்துத் தரையில் விரல் பழக்கத்தில் இழுத்தார். அலகில் பீமன், கழுத்தில் இன்னார், சிறகில் இன்னார். புளியங்கொட்டைகள் தேர்கள். அபிமன்யு உள்ளே நுழையும் சக்கரத்தைப் போட்டபோது ஓரிடத்தில் மட்டும் கோட்டைத் திறந்துவிட்டு, அவன் நுழைந்ததும் பொடியால் மூடினார். எத்தனையோ தடவை கூத்தில் பார்த்த காட்சி அவருக்கு. ஆனாலும் மூடும்போது கை நடுங்கியது. எனக்கு அந்த அத்தியாயத்தை அன்று தொடர முடியவில்லை.

தீயின் எடையை மே மாதத்து வெயிலில் வாசித்தோம். படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள்; திரௌபதி அம்மன் வந்து கூந்தல் முடிப்பாள். ஊரே அவன் சாவுக்குக் காத்திருக்கும். இந்த நூலில் துரியோதனன் அப்படிக் காத்திருந்து கொல்லப்பட வேண்டியவனாக இல்லை. தம்பியர் அத்தனை பேரையும் இழந்து தனியாக நிற்கும் பேருடல் கொண்டவன். கதாயுதப் போர் முடிந்ததும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவனுக்கும் அழுவறதுக்கு ஆளு இருக்கணும் இல்ல" என்றார். படுகளத்தில் ஒப்பாரி வைப்பதும் அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்முரசு கூத்துக்கு எதிரானது இல்லை என்பது என் எண்ணம். கூத்து உடலால் செய்வதை இது சொல்லால் செய்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த முயற்சியின் உண்மையான பலன் கிடைத்தது. வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு நிற்கிறது. சௌப்திக பருவத்துக்கு மேல் அவர் பாடவில்லை. அம்மா ஊர்ப் பிரசங்கமும் பெரும்பாலும் அவரை ஒட்டியே போகும். படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம், மங்களம். துவாரகை அழிந்ததை அம்மா அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே கல்பொருசிறுநுரை அவருக்குப் புதுக்கதை. வாழ்நாள் முழுக்கப் பாரதம் கேட்ட ஒருவர், "அப்புறம் என்னாச்சு பாப்பா?" என்று என்னைக் கேட்டார்! யாதவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு அழியும் பகுதிகளில் அவருக்குக் கோபம் வந்தது. "கிருஷ்ணரு பெத்த புள்ளைங்களே இப்படியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குறுந்தொகையின் 290ஆம் பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு அது. பாறையில் மோதி மெல்ல மெல்ல இல்லாமலாகும் நுரை. அந்தப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன்.

அந்த நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி. அதே ஊரடங்கு மாதங்களில் ஜெயமோகன் சிறுகதைகளும் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார், அவற்றில் சிலவற்றை வாசித்தேன். அம்மா கேட்டார், ஆனால் மனசு அதில் இல்லை. "தருமரு கிளம்பிட்டாரா?" என்பதே தினமும் காலைக் கேள்வி. நண்பர்களிடம் பேசினால் அவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள். ஆறரை ஆண்டாகக் கூட வந்த ஒருவர் மகாபிரஸ்தானத்தை, பாண்டவர்களின் அந்தக் கடைசிப் பயணத்தை, எப்படி எழுதுவார்? வடக்கே நடக்கும் ஆறு பேரில் தருமர் தவிர மற்ற ஐவரையும் ஒவ்வொருவராக எப்படி விழவிடுவார்? இதையே மணிக்கணக்காகப் பேசினோம்.

ஜூலையில் முதலாவிண் வந்தது. மற்ற நூல்களோடு ஒப்பிட்டால் அளவில் சிறியது. நள்ளிரவில் எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை, "வந்ததும் எழுப்பு" என்று கட்டளை. முதல் அத்தியாயத்தன்று பக்கத்து வீட்டு அத்தையும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முன்கூட்டிப் படித்து மூச்சுக் குறிக்க நேரம் இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முதன்முதலாகக் கேட்டோம். என் குரல் தடுமாறிய இடங்களில் அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எனக்கு இந்த முழு முயற்சியிலும் மிகப் பிடித்தது அந்த இரவுகள்தான். இந்த மாதிரி ஒரு புத்தகம் வெளிவரும் காலத்தில், வெளிவரும் மொழியில் இருக்கக் கிடைத்தது பெரிய பேறு.

கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் அம்மா கேட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று. "நடுவுல நீ வாயால சொன்னியே, அதையெல்லாம் எப்போ படிக்கப் போற?" அத்தையும் அதையே கேட்டார். பட்டியல் போட்டோம். 'நீலம்' பிறகு, அது ராதையின் கண்ணன், பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நடை, எனக்குக் குரல் இன்னும் பழக வேண்டும். 'வண்ணக்கடல்' வேண்டும் என்றேன், அதில் தமிழ்நிலத்துப் பாணன் இளநாகன் வடக்கே நடக்கிறான். அம்மாவுக்குப் பீமன் வேண்டுமாம். அதனால் இப்போது 'மாமலர்' ஓடிக்கொண்டிருக்கிறது. பீமன் கல்யாண சௌகந்திகப் பூவைத் தேடிக் கிளம்பிவிட்டான். நேற்று தேவயானி கதை தொடங்கியது. அத்தைக்கு அவளைப் பிடிக்கவில்லை, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.