தள்ளி வைத்த விடியற்காலை நடை

ராத்தங்கி விடியற்காலை கிளம்பும் எங்கள் தங்கல் பஸ் ஒன்றை ஏழு மணிக்குத் தள்ளியது சரிதான் என்று இன்றும் சொல்வேன். யாரும் கேட்காதபோதும் மனசுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் ராத்தங்கி, ஐந்தே காலுக்கு ராமநாதபுரம் கிளம்பும் டவுன் பஸ் அது. மீன்காரம்மா வண்டி என்றுதான் டிரைவர்கள் சொல்வார்கள். நாட்டுப்படகு கரை சேர்ந்ததும் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையோடு ஏறுகிற பெண்கள் ஆறரைக்குள் டவுன் தெருக்களில் இருந்தாக வேண்டும். அதே ஊருக்குப் பள்ளிக்கூட நேரத்தில் இருந்தது தொண்டிப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற வண்டி ஒன்றுதான். வரும்போதே நிறைந்திருக்கும். பையன்கள் இரண்டு படியிலும் தொங்குவார்கள். ஒருவன் ஒரு கையில் ஜன்னல் கம்பியையும் மறு கையில் முன்னால் நின்றவனுடைய ஸ்கூல் பையின் வாரையும் பிடித்துக்கொண்டு வந்ததை பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். அந்த வாரில் தையல் பாதி விட்டிருந்தது.

அதே வண்டியை இரண்டு சிங்கிள், அதாவது இரண்டு நடை, அடிக்க வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மதியம் டூட்டி ஏறி ஊரில் தங்கும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காலையில் ஒரு சிங்கிளோடு டூட்டி முடிந்துவிடும். இன்னொன்றுக்கு இன்னொரு ஜோடி ஆள் வேண்டும், ஆள் இல்லை. ஸ்பேர் வண்டியும் இல்லை. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும் வரை, ராமேஸ்வரம் போகிற ரயில் கூட்டமும் நம் பஸ்ஸுக்குத்தான் வந்தது. ஆடி, தை, மகாளய அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் சனம் வரும். ஸ்பெஷல் விட முதலில் கை வைப்பது கிராமத்து வண்டியில்தான்.

ஆக, இருந்தது ஒரு வண்டி. வழியில் நாலு ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவும்படி அதை ஏழுக்குத் தள்ளலாம் என்று எழுதி வைத்தேன். கையெழுத்து மேலே இருப்பவருடையது, யோசனை என்னுடையது.

பெண்களுக்கு டிக்கெட் காசு வராத நடை என்பதால் தூக்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அது உண்மையில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அதில் வந்துவிடும். நான் பார்த்தது அந்தத் தலை எண்ணிக்கையின் சராசரியைத்தான், கலெக்ஷனை அல்ல.

நேரம் மாறிய வாரத்திலேயே வயதான ஓர் அம்மா நேரக் காப்பாளர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "படகு ஏழு மணிக்கா தம்பி கரைக்கு வருது?" என்றார்.

"பிள்ளைங்க படியில தொங்கிட்டு வர்றாங்க ஆத்தா. யாராவது விழுந்தா?"

"தெரியும் தம்பி. அதுல ஒண்ணு என் பேரன்தான்."

அவ்வளவுதான். சும்மாட்டைச் சரி செய்து, நேரக் காப்பாளரைப் பிடிக்கச் சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? பேரனுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாரா, அவனைப் படிக்க வைக்கிற காசையே நீ பிடுங்குகிறாய் என்று சொன்னாரா? ஒரு சமயம் முதலாவது என்று தோன்றும், நிம்மதியாக இருக்கும். அப்புறம் அந்தக் குரலை நினைத்தால் இரண்டாவதுதான் என்று படும். இப்போது அந்தப் பெண்கள் சேர்ந்து குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்து வருகிறார்கள். இலவசமாக வந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறார்கள். மீன் படாத நாளில் வண்டி பிடிக்கக் கட்டுப்படியாகாது, டவுனுக்கு வருவதே இல்லை.

மீன் படாத நாள் என்று எழுதும்போதுதான் நான் பார்த்த அந்தச் சராசரி ஞாபகம் வருகிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது பழைய ஏற்பாடு. வாடைக்காற்று ஓங்கினால் யாருமே கடலுக்குப் போக முடியாது. ஐந்தே கால் வண்டியில் ஒரு நாள் நிற்க இடமிருக்காது, மறுநாள் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் வருவார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் பாதி காலியாக ஓடுகிற வண்டி கிடைக்கும். அப்படி ஒரு வண்டி எந்த நாளும் ஓடியதில்லை. கூடைக்கு இடம் போட்டும் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கூடை இரண்டு மூன்று பேர் நிற்கிற இடத்தைப் பிடிக்கும். பள்ளிக்கூடக் கூட்டமோ திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அளவு, பைலில் அது கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் வண்டி என்றால், கடலை நம்பிப் பிழைப்பவர்கள் எந்தக் காலத்தில் ஜெயிப்பது?

ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பையன் கை நழுவியிருந்தால் இந்தக் கேள்வியெல்லாம் எனக்கு எழுந்திருக்காது. இன்று அவன் ஏழு மணி வண்டியில் உட்கார்ந்து வருகிறான். அவனே அந்த அம்மாவின் பேரனா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் மனசு வரவில்லை.

புதிய மினி பஸ் திட்டத்தில் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். அதில் தடத்தின் பெரும்பகுதி பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். இந்த ஊர் மெயின் ரோட்டில் இருக்கிறது, காகிதத்தில் பஸ் வசதி உள்ள ஊர். சரி, நாமே ஐந்தே காலுக்கு ஒரு பழைய வண்டி விடுவோம், உள்ளே பின்பக்கம் சீட்டைக் கழற்றிக் கூடைக்கு இடம் விடுவோம், நாட்டுப்படகு போகிற நாட்களுக்கு மட்டும் ஓடினால் போதும் என்று எழுதிப் போட்டேன். சில நாளுக்கு மட்டும் என்று ஷெட்யூல் போட முடியாது, தினமும் ஓட்டுவதாக இருந்தால் சராசரிப் பயணிகள் எண்ணிக்கையைக் காட்டவும் என்று பதில் வந்திருக்கிறது.