அரைமணிக்கு ஒருமுறை

தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறைச் செவிலியராக நான் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ஒரு தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. கருப்பையைச் சுருங்க வைத்து உதிரப்போக்கைக் குறைக்கும் ஊசியான ஆக்சிடோசினை, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டிய 10 யூனிட், போட்டிருந்தேன். வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் விரிப்பு நனைந்துகொண்டே வந்தது. 108 வண்டி வந்து, ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, அவர் பிழைத்துக்கொண்டார். என் தூக்கம்தான் போய்விட்டது.

அதன் பிறகு பிரசவ வலியோடு யார் உள்ளே வந்தாலும் நான் மனதுக்குள் ஒரு நேர்ச்சை வைத்துவிடுவேன். திருச்செந்தூரில் முடி இறக்குவதாக ஒன்று, உவரி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக ஒன்று, எங்கள் ஊர் இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக இன்னொன்று. ஒரு கட்டத்தில் எந்தச் சாமிக்கு எவ்வளவு பாக்கி என்பதே கணக்கில்லாமல் போனது. சொன்ன மொட்டைக்கெல்லாம் என் தலையில் முடியும் போதாது. இதைப் பக்தி என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். கடவுளை நம்புகிறவள் ஒவ்வொரு முறையும் எதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என்னோடு இரவுப்பணி பார்த்த மூத்த செவிலியர் பாளையங்கோட்டைக்காரர். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவர். பிரசவ வலியின் முதல் கட்டத்தில் அரைமணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கிறதா என்று பார்த்து, பிரசவம் எப்படிப் போகிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டோகிராம் தாளில் புள்ளி வைக்க வேண்டும் என்பது முறை. நானோ ஓர் இரவு, வலியோடு வந்திருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவியை எடுத்துக்கொண்டு போய் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கண்கள் என் முகத்தையே பார்த்தன. துடிப்பு 140 என்று சீராகத்தான் இருந்தது; ஆனால் என் முகத்தில் இருந்தது அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

அக்கா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “எட்டி, நீ இப்போ கேக்கது அவளுக்காவ இல்ல, உனக்காவ. அரமணிக்கு ஒருக்கா கேளு. நடுவுல உள்ள நேரம் கர்த்தரோடது.”

“பயமா இருக்கேக்கா.”

“பயப்படு, யாரு வேண்டாம்னா? பயந்துகிட்டே கையக் கழுவு.”

அவர் சொன்னதில் பாதிதான் அன்று எனக்கு விளங்கியது. மீதியை யோசித்தபோது, நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஓர் எண்ணம் பிடிபட்டது. நான் பயந்துகொண்டே இருப்பதால்தான் இந்தப் பெண்கள் பிழைக்கிறார்கள், நான் ஒரு கணம் அசந்தால் ஏதோ நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்; சாமிக்கு விட்டுவைக்க வேண்டிய இடத்தில் என் பயத்தை உட்கார்த்தி வைத்திருந்தேன். நெல்லையப்பர் கோயிலின் தலக்கதை எங்கள் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். வேதசர்மர், நைவேத்தியத்துக்கான நெல்லைக் காயப் போட்டுவிட்டு ஆற்றில் குளிக்கப் போகிறார்; மழை பிடித்துக்கொள்கிறது; பதறி ஓடிவந்து பார்த்தால், சுற்றிலும் மழை பெய்ய, நெல்லைச் சுற்றி வேலியிட்டதுபோல் காய்ந்து கிடக்கிறது. திருநெல்வேலிக்குப் பெயர் தந்த அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவர் ஓடிவந்த ஓட்டம். அவர் ஓட்டத்தால் வேலி வரவில்லை. ஆனாலும் நம்பிக்கையில்லாமல் ஏன் ஓடினாய் என்று சாமி அவரைக் கேட்கவும் இல்லை.

விளங்குவது வேறு, பழகுவது வேறு. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைதான் எங்கள் ஊரையும் தீவாக்கியது. மின்சாரம் போய்விட்டது. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால், ஆம்பூல்களைத் தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில் ஐஸ் பேக்கோடு அடுக்கினோம். தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் வரும்போதெல்லாம் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால் அவரை ஆற்றிடமே விட்டுவிட்டு வருவார்கள். அந்தப் பெட்டியை மூடும்போது ஏனோ அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் மதியம், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை முழங்கால் தண்ணீரில் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ரத்த அழுத்தம் 170/110. தலைவலி, கண் மங்கல். எந்த நேரமும் வலிப்பு வரலாம். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் 10 கிராமை, இரண்டு பக்கப் புட்டத்திலும் 5 கிராமாகப் போட்டோம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். 108 வண்டியோ மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டு வந்தார்கள். உள்ளே இன்னொரு பெண் வலியோடு இருந்ததால் எங்களில் ஒருவர்தான் போக முடியும். அக்கா தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கர்ப்பிணியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டிராக்டர் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றேன். போனில் சிக்னல் இல்லை. போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

நேர்ச்சை வைக்க வாய் வந்தது. வைக்கவில்லை. “இனி உன் பாடு” என்று மட்டும் சொன்னேன். எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. உள்ளே போய்க் கை கழுவினேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு இருட்டிய பிறகு சுகப்பிரசவமானது. இரண்டு மணி நேரம் கூடவே இருந்து உதிரப்போக்கைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். மூன்று மணி நேரம். ஆயாம்மா கடுங்காப்பியோடு எழுப்பியபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம்: ஒருத்தியை அப்படி அனுப்பிவிட்டு எப்படித் தூங்கினேன்? வெளியே மழை குறைந்திருந்தது. நான் தூங்கியதால் எதுவும் இடிந்து விழவில்லை.

சிக்னல் வந்தது மூன்றாம் நாள். அறுவை சிகிச்சையில் குழந்தையை எடுத்துவிட்டார்கள். தாய்க்கு அழுத்தம் இறங்கிவிட்டது. குழந்தை எடை குறைவு, பச்சிளங்குழந்தை வார்டில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்றார் அக்கா. பரிந்துரைப் பதிவேட்டை எடுத்து, முடிவு என்ற கட்டத்தில் ‘தாய் நலம்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே குழந்தைக்கு ஒரு வரி இடம் விட்டேன். அதற்குள் இரண்டாம் படுக்கைக்காரிக்கு அரைமணி ஆகியிருந்தது.