ஈசுப்பு இரப்பானைத் தேடி மட்டாஞ்சேரிக்கு

மட்டாஞ்சேரிக்குச் சனிக்கிழமை போய்விடாதீர்கள். யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் அவர்களுடைய தொழுகைக்கூடமான பரதேசி சினகாக் மூடியிருக்கும். நான் ஞாயிறு காலை போர்ட் கொச்சியில் ஆட்டோ பிடித்தேன். 'ஜூ டவுன்' தெருமுனையில் இறங்கும்போதே சுக்கு வாசனை மூக்கில் ஏறியது.

தெருவின் இருபுறமும் பழம்பொருள் கடைகள், மசாலாக் கடைகள். ஒரு கடைக்காரர் என் உள்ளங்கையில் நாலு மிளகைப் போட்டு, "கடிச்சு நோக்கு, சேச்சி" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் கிலோ கட்டச் சொன்னேன்.

தெருக்கோடியில் சினகாக். 1568-இல் கட்டியது. 1662-இல் போர்த்துகீசியர் இடிக்க, டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபின் மறுபடி எழுந்தது. அரண்மனையை ஒட்டிய இந்த இடத்தைக் கொடுத்தவர் கொச்சி ராஜா. மணிக்கூண்டு 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹபி என்ற வணிகர் எழுப்பியது. எபிரேய எண்களும் மலையாள எண்களும் ஒரே கோபுரத்தில் இருப்பதை நின்று பாருங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய வெள்ளை ஓடுகள் காலடியில் சில்லென்றிருந்தன. மேலே கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. ஆனால் நான் தேடி வந்தது வேறொன்றை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்தின் சொத்து. வட்டெழுத்தில் பொறித்தது. அதன் வாசகத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஓரமாக உட்கார்ந்து படித்தேன்: 'ஈசுப்பு இரப்பானுக்கு' (ஜோசப் ரப்பானின் பெயர் செப்பேட்டில் இப்படித்தான்) அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமை, பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம், எல்லாம் சேர்த்து 72 விடுபேறு, அதாவது சிறப்புரிமைகள். பாவாடை என்றால் நடந்துவர விரிக்கும் துணி. பகல்விளக்கு, பகலிலேயே விளக்கேந்தி வரும் மரியாதை. அகராதி இல்லாமலே பாதிக்குமேல் புரிந்தது. கடல் கடந்து வந்த ஒருவரை, நம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அழைப்பதுபோல் அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை இங்கேயே இருந்தவர்களில் சாரா கோகன் பாட்டி ஒருவர். தொழுகைத் தொப்பிகளும் ரொட்டி மூடும் துணிகளும் தைத்து விற்றவர், 2019-இல் 96 வயதில் காலமானார். அவருடைய எம்பிராய்டரிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் பசி. கறி அடைத்துப் பொரிக்கும் 'பஸ்தேல்' கொச்சி யூதர்களின் பலகாரம். மூன்று கடைகளில் கேட்டேன், பெயரே தெரியவில்லை. வீட்டுச் சமையல் வீட்டாரோடு போய்விடும் போலிருக்கிறது. ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. யூத முறைப்படி இறைச்சியோடு பாலோ தயிரோ சேர்க்கக் கூடாது. தேங்காய்ப்பாலுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் கேரளத்துக் கறிகள் அவர்கள் அடுப்பில் அப்படியே பொருந்திப்போயின. சின்னக் கடையொன்றில் அப்பமும் மீன் மோளியும் வாங்கினேன். மீனை முடித்தபின்னும் தட்டில் தேங்காய்ப்பால் சாறு நின்றது. இன்னொரு அப்பம் கேட்டேன்.