அக்கா வீட்டுக்கு மதில் இல்லை

அக்கா இருப்பது தென்னாப்பிரிக்காவின் பலபோர்வா ஊரில். அத்தானுக்கு அங்கே செப்புச் சுரங்கத்தில் வேலை. வீடு, ஹான்ஸ் மெரென்ஸ்கி கோல்ப் மைதானத்தைச் சுற்றியுள்ள குடியிருப்பில். 1967இல் திறந்த 18 குழி மைதானம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் குரூகர் தேசியப் பூங்கா.

நான் போய்த் தங்கியது ஆகஸ்டில். அங்கே மழையே இல்லாத காலம். மொபானி மரங்கள் காய்ந்து, காடு முழுக்கப் பழுப்பு. தண்ணீர் பாய்ச்சுகிற கோல்ப் புல் மட்டும்தான் பச்சை. பிறகென்ன, எல்லா மிருகமும் அங்கேதான் மேய வருகிறது. இம்பாலா மான்கள் கூட்டமாக வரும். கொம்பு போல வளைந்த பல்லுள்ள காட்டுப்பன்றி முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு மேயும். அதைப் பார்த்துக்கொண்டே நான் தேநீரை ஆறவிட்ட நாட்கள் உண்டு. இரவில் நீர்யானை குளத்தை விட்டு ஏறும். அது மிதித்த இடங்களைக் காலையில் வேலையாட்கள் மண் போட்டு நிரவுவார்கள்.

அக்கா வீட்டுக்கு மதில் கிடையாது. "தம்பி, பின் கதவை மெதுவா திற, ஒட்டகச்சிவிங்கி நிக்கிது" என்பாள். இருட்டிய பிறகு குளத்துப் பக்கம் நடக்க விடமாட்டாள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டினால் உயிர் மிஞ்சாது. யானை உள்ளே வந்தால் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் தகவல் போகும். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்குவார்கள், யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது இதுதான்.

நாங்கள் பிறந்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இங்கேயும் சிறுத்தை உண்டு. ஆனால் லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அது வந்ததே தெரியும். குளவிக்கூடும் அப்படித்தான், கொழுந்தெடுக்கும் பெண்களைக் கொட்டிய பிறகுதான் பேச்சு வரும். பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் இறந்தது. அந்தச் செய்தியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கோல்ப் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை என் அம்மாவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? லயத்தில் இப்போது வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. ஊர் திரும்பியதும் பொடியன்களைச் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். கங்காணியும் சேர்ந்திருக்கிறார். மருந்தடிக்கப் போன பொடியன் போன கிழமை அதில் போட்டது: "12ஆம் நம்பர் மலை, பெரிய கல்லுக்குப் பக்கத்தில் குளவிக்கூடு." அன்றைக்கு ஆட்களைக் கங்காணி வேறு மலைக்கு மாற்றினார்.