மில் இரைச்சலுக்குள் காதைக் காப்பாற்றியது

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம் மா, மிளகாய்த்தூள் அரைக்கும் சிறிய மில் ஒன்றை நடத்துகிறேன். அப்பா காலத்து மில். அவருக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு காது மந்தமானது. மில்காரருக்கு அது வருவதுதானே என்று வீட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை. எனக்கும் அதே குணங்குறி தொடங்கியபோது அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

பேச்சுக் கேட்கும், என்ன பேச்சு என்றுதான் பிடிபடாது. ஆண்களின் குரல் பரவாயில்லை, சின்ன மகள் சொல்வதில் பாதி நழுவிவிடும். இரவில் படுத்தால் காதுக்குள் சில்வண்டு இரைவது போல ஓர் ஒலி. மின்சாரம் நின்று அயலே அடங்கிப்போனாலும் அது அடங்காது.

வெளிநோயாளர் பிரிவில் காட்டினேன். குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு தந்தார்கள். அங்கிருந்த வைத்தியர் செவிப்பறையைப் பார்த்துவிட்டுக் கேட்டல் பரிசோதனைக்கு எழுதினார். பரிசோதனைக்கு முந்தின நாள் இரைச்சலில் நிற்காமல் வரவேண்டும் என்றார். பெரிய சத்தத்தில் நின்ற காது சில மணித்தியாலங்களுக்கு மந்தமாகி, ஓய்வு கிடைத்தால் ஓரளவு மீளும். அந்த மந்தமும் சேர்ந்துகொண்டால் அளவு பிழைத்துவிடுமாம். ஞாயிறு மில் பூட்டு என்பதால் திங்கட்கிழமையாகக் கேட்டு வாங்கினேன்.

சத்தம் புகாத சிறிய அறை. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டவுடன் அழுத்த வேண்டும். சற்று நேரத்தில் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்றே குழப்பம் வந்துவிடுகிறது; பரிசோதிப்பவருக்கு அது பழக்கமானது போலும், அதே ஒலியை மீண்டும் தந்து உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்து அதிர்வைக் கேட்கச் செய்தார்கள். கோளாறு நடுக்காதிலா, உட்காதிலா என்று பிரித்தறிய அது.

பரிசோதனைத் தாளில் 250 ஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியிலிருந்து 8000 ஹேர்ட்ஸ் என்ற கீச்சுச் சுருதி வரை கோடு; அது இறங்கும் இடத்தில் கேட்டல் குறைவு. தாழ்ந்த ஒலிகளில் சாதாரணமாகப் போய், 4000 பக்கத்தில் இரண்டு காதுக்கும் பள்ளம் விழுந்து, 8000இல் சற்று மேலே ஏறியது. இரைச்சல் கெடுத்த காது பெரும்பாலும் இப்படித்தான் வரையுமாம். ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பவை என்பதால் மகளின் பேச்சு ஏன் உதிர்ந்தது என்பதும் விளங்கியது. மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். உட்காதிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார் வைத்தியர்.

85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் நிற்கலாம், 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 94இல் ஒரு மணித்தியாலம். 100இல் கால் மணித்தியாலம். சத்தம் அளக்கும் கைபேசிச் செயலி துல்லியமான கருவியல்ல, இருந்தாலும் மெஷினுக்குப் பக்கத்தில் அது 90க்கும் 100க்கும் இடையில் ஆடியது. நான் அங்கே நிற்பதோ காலையிலிருந்து மாலை வரை.

காதில் பஞ்சு வைத்தால் போதும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். சாதாரணப் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. உருட்டிச் செருகும் நுரை அடைப்பான் வாங்கினேன். அதை இரு விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். நல்ல சாமான்தான், மிளகாய் மில்லுக்குப் பொருந்தாது. தூள் அரைத்த கையோடு அதை உருட்டிய எங்கள் வேலைத் தம்பி, அன்று பின்னேரம் முழுவதும் காதைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில்தான் இருந்தான். அதற்குப் பிறகு காதுக்கு மேலால் கவிழ்க்கும் மூடி இருவருக்கும் வாங்கினேன். வியர்க்கும், தலையை இறுக்கும், கண்ணாடிக் கால் இடையில் நுழைந்தால் இடைவெளி விட்டுவிடும். ஆனாலும் கை கழுவாமல் போடலாம்.

மெஷினில் செய்த வேலைக்குத்தான் பலன் அதிகம். ஆடிக்கொண்டிருந்த தகர மூடியை இறுக்கினோம், தேய்ந்த பெயாரிங்கை மாற்றினோம், அடியில் தடித்த றப்பர் வைத்தோம். தராசையும் ஆட்கள் இருக்கும் வாங்கையும் சுவருக்கு வெளியே கொண்டுபோனேன். அரைக்க ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கொண்டுவரும் அக்காமார் இப்போது வெளியில் இருந்து கதைக்கிறார்கள், நானும் அரைக்காத நேரம் அங்கேதான்.

கோயில் ஒலிபெருக்கியைக் குறை சொல்பவர்கள் நிறைய. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. அந்த முறைப்பாட்டில் நியாயமும் உண்டு. என் காதைத் தின்றது திருவிழா அல்ல, தினசரிப் பிழைப்பு. திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு நேரே நிற்காமல் நாலு எட்டு விலகி நின்றுவிடுகிறேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். பள்ளம் ஆழமாகவில்லை. காதிரைச்சல் இருக்கிறது, முன்னைப்போல் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. மூடியின் மெத்தை வியர்வையில் இறுகி வெடித்துவிட்டது, அப்படியானால் சத்தம் உள்ளே புகும். மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஹாட்வெயார் கடையில் கேட்டேன். கிடைக்காதாம், முழுதாகவே புதிது வாங்கிவந்தேன்.