கேட்கத் தெரிந்தவர்களுக்கு

"சந்தா கட்டியவர்களின் பிரசுரங்களை மட்டும் அடுக்கில் வையுங்கள், அக்கா. யாராவது கேட்டால் மற்றவற்றையும் சொல்லுங்கள்." இவ்வளவுதான் நான் சொன்னது. இதில் என்ன தவறு என்று அலுவலகத்தில் பலரிடம் கேட்டுவிட்டேன். தவறே இல்லை என்கிறார்கள். எனக்குத்தான் மனம் சமாதானமாகவில்லை.

விவகாரம் சின்னது. தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரையில் எங்கள் நகராட்சி மானியம் கொடுக்கும் தகவல் மையம் அது. நடத்துவது உள்ளூர்ச் சுற்றுலாச் சங்கம். மானியக் கோப்பைப் பார்ப்பது நான். டவுன்ஷிப்பில், அதாவது வெள்ளையர் ஆட்சியில் கறுப்பினத்தவருக்கென்று ஊருக்கு வெளியே ஒதுக்கிய குடியிருப்பில், தன் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு சுலு இன அம்மாளின் விளம்பரத் தாளையும் கவுண்டரில் இருக்கும் அக்கா அடுக்கில் செருகிவிட்டார். ஜெராக்ஸ் எடுத்த அரைத்தாள். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை அடித்துப் பேனாவால் திருத்தியிருந்தது. அந்த அம்மாள் சங்க உறுப்பினர் அல்லர். கடலோர விடுதிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நான் எதற்குச் சந்தா கட்டுகிறேன்?" என்று சங்கத்துக்கு எழுதினார். சங்கம் அதை என் தலையில் கட்டியது.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 67-ஆம் பிரிவில், வெளி அமைப்புக்குப் பணம் கொடுக்குமுன் அது மாதந்தோறும் செலவுக் கணக்கும் ஆண்டுக்கொரு தணிக்கை அறிக்கையும் தருமா என்று உறுதிசெய்யச் சொல்கிறது. புது ஆண்டு மானியத்துக்கான கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் ஜூலை போய்விடும். மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வருவதும் அதே ஜூன், ஜூலையில்தான். "மீன் வந்துவிட்டதா? குளிக்கிற இடத்துக்குச் சுறா வராமல் கடலில் போட்ட வலைகளை எடுத்துவிட்டார்களாமே, குளிக்கலாமா?" என்று கவுண்டரில் ஆட்கள் மொய்க்கும் நாட்களில் மானியக் கணக்கில் ஒரு ராண்ட் இருக்காது. அப்போது மையத்தில் விளக்கு எரிவது சந்தாப் பணத்தில். "நகராட்சியையே நம்பியிராதீர்கள், சொந்த வருமானத்தைப் பெருக்குங்கள்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவனும் நான்தான்.

அதே கூட்டங்களில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். நாட்டின் அரசியல் சாசனம், நான்காம் அட்டவணையில், உள்ளூர்ச் சுற்றுலாவை உள்ளாட்சியின் பொறுப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வரிப்பணம் கொஞ்சமே போனாலும் அந்தக் கவுண்டர் ஊருக்குப் பொது. அந்த அம்மாளும் இந்த ஊர்தானே! இரண்டையும் ஒரே வாயால் சொன்னவன் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தேன்.

அக்கா கோபப்படவில்லை. தாளை உருவி இழுப்பறையில் வைத்தார். "அப்படியென்றால் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பதில், இல்லையா தம்பி?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் தகவல் மையத்துக்குள் வருகிறவன் யார்? என்ன கேட்பது என்றே தெரியாதவன். ஜொகானஸ்பர்க்கிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியவர் டவுன்ஷிப்பில் அறை கிடைக்குமா என்று தானாகக் கேட்கமாட்டார். கண்ணில் பட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். அடுக்கு இருப்பதே அதற்காகத்தான்.

சரி, தாளை அங்கேயே விட்டிருந்தால்? நாலைந்து விடுதிக்காரர்கள் சந்தாவை நிறுத்தியிருப்பார்கள், ஜூலையில் கதவே திறந்திருக்காது, அந்த அம்மாளுக்கு அதனால் என்ன லாபம்? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். நிறுத்துவேன் என்று யாரும் சொல்லவில்லை என்பதும் தெரியும். வந்தது ஒருவரின் ஒரு கேள்விதான். ஆனால் அவர்கள் நிறுத்திய பிறகா நான் யோசிக்க முடியும்? சந்தாவைக் குறைத்து அந்த அம்மாளையும் உறுப்பினராக்கியிருக்கலாமே என்றார் ஒரு நண்பர். ஆக்கலாம். சங்கத்தின் விதிகளைத் திருத்துவது மானியம் கொடுப்பவன் வேலையா? அதில் கைவைத்தால் நாளைக்கு வேறொரு புகார் வரும்.

இந்த ஆண்டு ஒப்பந்த வரைவில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஊரில் உள்ள எல்லாத் தங்குமிடங்களின் தகவலும் பார்வையில் இருக்க வேண்டும். சங்கத்தின் பொருளாளர் உடனே பதில் அனுப்பினார். நல்ல வரிதானாம். மானியத்தை ஜூலை முதல் வாரத்தில் விடுவிப்போம் என்று அதன் கீழே இன்னொரு வரியும் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். நிதித்துறை அதற்கு ஒப்பாது. சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்; அவர்கள் அடிக்கும்போது இரண்டு வரிகளையும் சேர்த்தே அடித்துவிடுவார்களோ என்னவோ.