அப்பத்தா வீட்டுச் சுவரும் மூன்று மில்லிமீட்டர் பூச்சும்

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டு மேற்குச் சுவரைக் கணினியில் மாதிரியாக வரைந்து, ஒரு வாரமாக வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஏறுகிற சூடு எத்தனை மணிக்கு உள்ளே வந்து சேரும் என்று பார்க்க ஆசை.

செங்கல்லுக்கு வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் கொடுத்தாயிற்று. சிக்கல் சுண்ணாம்புப் பூச்சில்தான். இரண்டடிச் சுவரில் மூன்று மில்லிமீட்டர் பூச்சைத் தனியாக வரைந்தால் மெஷ், அதாவது கணக்குக்காகச் சுவரைப் பிரிக்கும் கட்டங்களின் வலை, பொடிப்பொடியாகி, கணக்கு நகரவே மாட்டேன் என்கிறது. அப்புறம் அதை எல்லைப் பரப்பின் மேல் மெல்லிய அடுக்காக வைத்தேன். இங்கே பொருளை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. வரைந்த பரப்புக்குத் தடிமன் கிடையாது, 0.003 மீட்டர் என்று நாம்தான் எழுத வேண்டும். அந்தத் தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால்தான் வெப்பத்தடை கிடைக்கும்.

கதிர்வீச்சிலும் தடுமாறினேன். உமிழ்திறன், அதாவது சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், வெளியே தெரியும் பூச்சுக்கு உரியது, உள்ளே இருக்கும் செங்கல்லுக்கு அல்ல. சுண்ணாம்புக்கு 0.9 பக்கம் வரும். ஆனால் வெயிலை உறிஞ்சும் அளவு வேறு எண். வெள்ளைச் சுவர் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டதால் திரையில் மதியச் சுவர் கொதித்தது.

நேற்று மதியம் உள்பக்கம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, வழுவழுவென்று, சில்லென்று. "சுவத்துல என்னத்தடா தேடுற?" என்றார் அப்பத்தா.

இன்று தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் தடிமனை அளக்க வேண்டும். பின்கட்டில் பெயர்ந்த கல் ஒன்று கிடக்கிறது.